இதழியலைப் பல்கலைக்கழகம் கற்பிக்கத் தொடங்கிய கதை

உயர்தரத்தில் தொடர்பாடலும் ஊடகக் கற்கையும் என்ற பாடத்தை எடுத்திருக்கும் என் மாணவர்களிடம் ஈழத்துத் தமிழ்ப் பத்திரிகை வரலாற்றைக் கேட்டால், 1841இல் உதயதாரகை, 1889இல் இந்துசாதனம், 1930இல் வீரகேசரி, 1932இல் தினகரன், 1959இல் ஈழநாடு, 1985இல் உதயன் என்று தடக்குப்படாமல் ஒப்புவித்துவிடுவார்கள். பரீட்சைக்கு அது போதும். ஆனால் பத்திரிகைத் தொழிலையே ஒரு பல்கலைக்கழகம் பாடமாகக் கற்பிக்கலாம் என்று முதலில் எண்ணியவர் யார், எந்தச் சூழலில் எண்ணினார், அந்த எண்ணத்தை எதிர்த்தவர்கள் என்ன சொன்னார்கள் என்பவற்றை அவர்கள் கேட்டதுமில்லை, நாங்கள் சொன்னதுமில்லை. ஆசிரியத் தொழிலுக்கு வருவதற்கு முன் சில காலம் பிரதேச நிருபராக இருந்தவன் என்ற வகையில் எனக்கு இந்தக் கேள்வியில் தனிப்பட்ட அக்கறை உண்டு. அதனால்தான் இந்தப் பதிவு சற்று நீண்டுவிட்டது.

வன்னியில் நிருபர்களாக இருந்தவர்களிலும் இருப்பவர்களிலும் பெரும்பாலோர் இதழியல் படித்து அந்தத் தொழிலுக்கு வந்தவர்கள் அல்லர். ஒருவர் பாடசாலை ஆசிரியராக இருப்பார், இன்னொருவர் கூட்டுறவுச் சங்கக் கிளையை நடத்துபவராக இருப்பார், மற்றொருவர் ஸ்ரூடியோ வைத்துக் கலியாண வீட்டுப் படம் எடுப்பவராக இருப்பார். ஏ9 வீதி திறந்திருந்த சமாதான காலத்தில், கொமினிகேசன் கடையில் வரிசையில் நின்று கையெழுத்துப் பிரதியைப் பக்ஸில் அனுப்பிவிட்டு, பத்திரிகை கைக்கு வந்ததும் நாம் எழுதியதில் எந்தப் பந்தி வெட்டுப்பட்டிருக்கிறது, எந்த வரி தலைப்புக்கு ஏறியிருக்கிறது என்று பார்த்துப் பார்த்தே நாங்கள் தொழிலைப் பழகினோம். ஏன் வெட்டினார்கள் என்று எவரும் விளக்கியதில்லை. பிரசுரமான செய்திக்கு மட்டுமே கணக்குப் பார்க்கப்பட்டது, அதுவும் ஒழுங்காக வந்துசேர்ந்ததில்லை. இப்படிப் பழகியவர்களிடம் இதழியல் டிப்ளோமா, பட்டப்படிப்பு என்று பேசினால், ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்ற பதில்தான் பெரும்பாலும் வரும். ஏறக்குறைய 150 ஆண்டுகளுக்கு முன்னர் நியூயோர்க்கின் பெரிய பத்திரிகை ஆசிரியர்களும் இதே கருத்தைத்தான் சொன்னார்கள்.

அவர்கள் அப்படிச் சொல்லக் காரணமாக இருந்தவர் பத்திரிகையாளர் அல்லர், தோற்றுப்போன ஒரு படைத்தளபதி. அமெரிக்க உள்நாட்டுப் போரில் தென்பகுதிப் படைகளை நடத்தி 1865இல் சரணடைந்த ரொபேர்ட் லீ, அதே ஆண்டில் வேர்ஜீனியா மாநிலத்தின் லெக்சிங்டன் என்ற சிறு நகரில் இருந்த வாஷிங்டன் கல்லூரியின் தலைவராகப் பொறுப்பேற்றார். போரில் நொடித்துப்போன கல்லூரி அது. கிரேக்கமும் இலத்தீனும் மட்டும் கற்பித்துக்கொண்டிருந்தால் சிதைந்த நாட்டைக் கட்டியெழுப்ப முடியாது என்று கருதிய லீ, வணிகம், விவசாயம், பொறியியல் போன்ற துறைகளோடு பத்திரிகைத் தொழிலையும் கல்லூரிக்குள் கொண்டுவர 1869இல் முன்மொழிந்தார். அச்சுத் தொழிலையும் பத்திரிகைத் தொழிலையும் தம் வாழ்க்கைத் தொழிலாகக் கொள்ள விரும்பும் இளைஞர்களுக்கு ஐம்பது வரையிலான புலமைப்பரிசில்கள் அறிவிக்கப்பட்டன. கட்டணம் இல்லை. பதிலுக்கு மாணவர் நாளொன்றுக்கு ஒரு மணி நேரம் தம் தொழில்சார்ந்த வேலையைச் செய்ய வேண்டும். உள்ளூர் அச்சகம் ஒன்று அதற்கு இடம் கொடுத்தது.

போருக்குப் பிந்திய ஒரு நிலத்தில், வீதி போடுவதையும் வயல் திருத்துவதையும் போலப் பத்திரிகையாளரை உருவாக்குவதும் மீள்கட்டுமானத்தின் ஒரு பகுதி என்று ஒருவர் நினைத்தார் என்பது வன்னியில் இருந்து வாசிக்கும்போது மனதைத் தொடாமல் போகாது. ஆயினும் அந்த ஒப்புமையை அதிகம் இழுக்க நான் விரும்பவில்லை. லீ தலைமை தாங்கிய படை, மனிதரை மனிதர் அடிமையாக வைத்திருக்கும் ஏற்பாட்டைக் காப்பாற்றப் போரிட்ட படை. அவருடைய கல்லூரியில் அந்தப் புலமைப்பரிசில் வெள்ளை இளைஞர்களுக்கு மட்டுமே உரியதாக இருந்தது. தோற்றவர் என்ற காரணத்துக்காக மட்டும் ஒருவர் நம்மவர் ஆகிவிடுவதில்லை.

திட்டத்தைக் கேள்விப்பட்ட பத்திரிகை உலகம் சிரித்தது. நியூயோர்க் ஹெரால்ட் பத்திரிகையின் நிர்வாக ஆசிரியராக இருந்த பிரெடெரிக் ஹட்சன், பத்திரிகைத் தொழிலைக் கற்கக்கூடிய ஒரே இடம் ஒரு பெரிய பத்திரிகை அலுவலகம்தான் என்று உறுதியாகச் சொன்னார். லீயின் திட்டத்துக்கு மாணவரும் அதிகம் சேரவில்லை. 1870 ஒக்டோபரில் லீ இறந்துபோனார், 1878 அளவில் திட்டமும் இல்லாமல் போயிற்று. பத்திரிகை எழுத்தைக் கற்பிக்கத் தனியான பாடமோ, அதற்கென ஒரு பேராசிரியரோ அந்தத் திட்டத்தில் இருக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். ஒரு பக்கம் வழமையான கல்லூரிப் பாடம், மறுபக்கம் ஈய எழுத்துக் கோக்கும் வேலை. இரண்டையும் இணைக்க வேண்டிய நடுப்பகுதி வெறுமையாகவே இருந்தது.

அடுத்த முப்பது ஆண்டுகளின் முயற்சிகளை விரைவாகவே கடந்துவிடலாம். கன்சாஸில் 1873இல் அச்சுக்கலை வகுப்பு ஒன்று தொடங்கியது. கோர்னெல் பல்கலைக்கழகத்தில் இதழியல் சான்றிதழ் ஒன்றுக்குத் திட்டம் போடப்பட்டது. மிசூரிப் பல்கலைக்கழகத்தில் ஆங்கிலப் பேராசிரியர் ஒருவர் 1870களின் இறுதியில் இதழியல் வரலாற்றை ஒரு பாடமாகச் சொல்லிக்கொடுத்தார். பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்தின் வார்ட்டன் பள்ளியில், சிக்காகோ ட்ரிபியூன் பத்திரிகையில் பணியாற்றிவிட்டு வந்த ஜோசப் பிரெஞ்ச் ஜோன்சன் 1893 முதல் 1901 வரை ஓர் ஒழுங்கான பாடநெறியையே நடத்தினார். அவர் வேறிடம் போனதும் அதுவும் நின்றுவிட்டது. ஒருவருடைய ஆர்வத்தில் மட்டும் நின்றவை அனைத்தும் அவரோடு எழும்பி அவரோடு போயின.

நிலைமையை மாற்றியது பணம். அந்தப் பணம் ஜோசப் புலிட்சருடையது. ஹங்கேரியிலிருந்து கையில் ஒன்றுமில்லாமல் அமெரிக்காவுக்கு வந்து, சென் லூயிஸ் நகரில் ஜேர்மன் மொழிப் பத்திரிகை ஒன்றின் நிருபராகத் தொழிலைத் தொடங்கி, பின்னர் நியூயோர்க் வேர்ல்ட் பத்திரிகையின் உரிமையாளராகப் பெருஞ்செல்வம் ஈட்டியவர் அவர். அலுவலகத்திலேயே எல்லாவற்றையும் கற்ற மனிதர், அலுவலகக் கல்வி போதாது என்று சொன்னதில்தான் இந்தக் கதையின் சுவை இருக்கிறது. 1892இல் கொலம்பியாப் பல்கலைக்கழகத்திடம் இதழியல் பள்ளி ஒன்றுக்குப் பணம் தருவதாகச் சொன்னபோது அவர்கள் மறுத்துவிட்டார்கள். 1903இல் அவர் மீண்டும் கேட்டார். இம்முறை தொகை 20 இலட்சம் டொலர், பல்கலைக்கழகமும் ஏற்றுக்கொண்டது.

அதே காலத்தில் ஹார்வார்ட் பல்கலைக்கழகத்தின் தலைவர் சார்ள்ஸ் எலியட், இப்படியொரு பள்ளி எதைக் கற்பிக்க வேண்டும் என்று ஒரு திட்டத்தை வரைந்து கொடுத்தார். பத்திரிகை நிர்வாகம், பத்திரிகை அச்சாக்கம், இதழியல் சட்டம், இதழியல் அறம், இதழியல் வரலாறு, பத்திரிகைக்குரிய எழுத்து வடிவங்கள் என்று அந்தத் திட்டம் விரிந்தது. விளம்பரம் எப்படி வருகிறது, பத்திரிகை எப்படி விற்கிறது, அச்சுக்கூடத்தில் என்ன செலவாகிறது என்பவற்றையும் மாணவர் அறிந்திருக்க வேண்டும் என்பது எலியட்டின் எண்ணம். புலிட்சருக்கு அது பிடிக்கவில்லை. 1904இல் நோர்த் அமெரிக்கன் ரிவியூ சஞ்சிகையில் அவர் எழுதிய நீண்ட கட்டுரையில், தன் பள்ளியில் வணிகப் பாடம் எதுவும் இருக்கக்கூடாது என்று அடித்துச் சொன்னார். பத்திரிகையாளர் கற்க வேண்டியவை அரசியல், சட்டம், வரலாறு, பொருளியல், புள்ளிவிபரம், மொழி, எல்லாவற்றுக்கும் மேலாக அறம் என்பதே அவருடைய நிலைப்பாடு. பத்திரிகையாளர் பிறக்கிறார், உருவாக்கப்படுவதில்லை என்று சொன்னவர்களுக்கும் அந்தக் கட்டுரையிலேயே பதில் கொடுத்தார். பிறந்த காரணத்தினால் மட்டும் ஒருவர் வெற்றிகரமாக வகிக்கக்கூடிய பதவி தனக்குத் தெரிந்தவரை முட்டாள் என்ற பதவி ஒன்றுதான் என்று அவர் எழுதியதை வாசித்தபோது எனக்குச் சிரிப்பு அடங்கச் சிறிது நேரம் எடுத்தது.

இதே புலிட்சரின் பத்திரிகைதான் 1890களில் பரபரப்புச் செய்திகளுக்குப் பேர்போன மஞ்சள் பத்திரிகையாக இருந்தது என்பதையும் மறந்துவிடக்கூடாது. செய்த வினைக்குக் கழுவாயாகப் பள்ளி கட்டினார் என்று சிலர் சொல்வார்கள். எனக்கு அந்த விளக்கத்தில் முழு உடன்பாடு இல்லை. பரபரப்பில் பணம் பார்த்த ஒருவருக்குத்தான் பணம் எழுத்தை எங்கெங்கே வளைக்கும் என்பது உள்ளும் புறமும் தெரிந்திருக்கும். அவர் வணிகப் பாடத்துக்குக் கதவைச் சாத்தியது அந்த அறிவினால்தான் என்று நினைக்கிறேன்.

கொலம்பியாப் பள்ளி உடனே திறக்கவில்லை. ஆலோசனைச் சபையில் யார் யார் இருப்பது என்பதில் புலிட்சருக்கும் பல்கலைக்கழகத் தலைவருக்கும் இடையே பிணக்கு ஏற்பட்டு, எல்லாம் ஆண்டுக்கணக்கில் தள்ளிப்போயிற்று. 1911 ஒக்டோபரில் புலிட்சர் இறந்தார். பள்ளி 1912 செப்ரெம்பரில்தான் தொடங்கியது.

அந்த இழுபறிக்குள், பணமும் புகழும் இல்லாத ஒரு மத்திய மேற்கு மாநிலம் முந்திக்கொண்டது. மிசூரி மாநிலத்தில் உள்ள நகரத்தின் பெயரும் கொலம்பியா என்பதால் மாணவர்கள் இரண்டையும் குழப்பிக்கொள்வார்கள். நியூயோர்க்கில் இருப்பது கொலம்பியாப் பல்கலைக்கழகம், மிசூரியில் இருப்பது கொலம்பியா என்ற ஊரில் உள்ள மிசூரிப் பல்கலைக்கழகம். அந்த மாநிலத்துப் பத்திரிகை உரிமையாளர் சங்கம் பல ஆண்டுகளாக வற்புறுத்தியதன் பயனாக, 1908 செப்ரெம்பர் 14ஆந் திகதி அங்கே இதழியலுக்கென ஒரு தனிப் பள்ளி திறக்கப்பட்டது. உலகின் முதலாவது இதழியல் பள்ளி என்று அதை அழைப்பது வழமை. பாரிஸில் 1899இலேயே ஓர் இதழியல் உயர்கல்லூரி தொடங்கியிருந்தது என்பதால், பல்கலைக்கழகம் ஒன்றுக்குள் தனிப் பீடமாக அமைந்த முதலாவது பள்ளி என்று சொன்னால் தகராறு குறையும்.

அதன் முதலாவது பீடாதிபதி வோல்ட்டர் வில்லியம்ஸ் பல்கலைக்கழகத்தில் படித்தவர் அல்லர். சிறு வயதில் அச்சகத்தில் எடுபிடி வேலைக்குச் சேர்ந்து, எழுத்துக் கோத்து, நிருபராகி, உள்ளூர்ப் பத்திரிகை ஆசிரியராக உயர்ந்தவர். பட்டம் இல்லாத அந்த மனிதர் 1931இல் மிசூரிப் பல்கலைக்கழகத்தின் தலைவராகவே ஆனார். அவர் வகுத்த முறை எளிமையானது, ஆனால் துணிச்சலானது. வகுப்பு தொடங்கிய முதல் நாளே மாணவர்கள் ஒரு பத்திரிகையை வெளியிட்டார்கள். யூனிவர்சிற்றி மிசூரியன் என்ற அந்தப் பத்திரிகை மாணவர் சங்கத்துப் புதினத்தாள் அன்று. ஊர்ச் செய்தி, நகரசபைச் செய்தி, நீதிமன்றச் செய்தி, சந்தை விலை எல்லாம் அதில் இருந்தன. ஊர்ச்சனம் காசு கொடுத்து வாங்கியது, கடைக்காரர் விளம்பரம் கொடுத்தார்கள். பேராசிரியர்களே செய்தியாசிரியர்களாக இருந்தார்கள். தப்பான பெயரோடு செய்தி வந்தால் மாணவருக்குப் புள்ளி குறைவதோடு விஷயம் முடியாது, பெயருக்குரியவர் அலுவலகப் படியேறி வந்து கேட்பார்.

இதற்கு எதிர்ப்பும் வந்தது. அரசுப் பல்கலைக்கழகம் பத்திரிகை நடத்தி விளம்பரம் வாங்கினால் எங்கள் பிழைப்பு என்னாவது என்று தனியார் பத்திரிகைக்காரர் முறையிட்டார்கள். பத்திரிகையைப் பல்கலைக்கழக நிதியிலிருந்து பிரித்து, அதற்கென அமைந்த சங்கம் ஒன்றின் பெயரில் நடத்துவதன் மூலம் அந்தச் சிக்கலிலிருந்து வெளியே வந்தார்கள். பத்திரிகை ஓயவில்லை, பின்னர் கொலம்பியா மிசூரியன் என்று பெயர் மாறியது. புலிட்சர் வாசலோடு நிறுத்த நினைத்த வணிகம், மிசூரியில் மாணவரின் மேசைக்கே வந்து குந்திக்கொண்டது.

இந்த முறையின் பெறுமதி எனக்கு விளங்கியது புத்தகத்தில் இல்லை. என் வகுப்பு மாணவர்களைச் சிறுபோகப் பயிர்ச்செய்கைக் கூட்டம் ஒன்றுக்குச் செய்தி எழுத அனுப்பியிருந்தேன். குளத்து நீர் எத்தனை அடியில் நிற்கிறது, அதற்கு எத்தனை ஏக்கர் விதைக்கலாம், எந்த வாய்க்காலுக்கு இம்முறை தண்ணீர் இல்லை என்று தீர்மானிக்கிற கூட்டம் அது. வன்னியில் இதைவிடப் பெரிய செய்தி அந்த மாதத்தில் இருக்க முடியாது. வந்த கட்டுரைகளில் மங்கல விளக்கு ஏற்றியவர் பெயர், வரவேற்புரை, தலைமையுரை, நன்றியுரை எல்லாம் ஒழுங்கு தவறாமல் இருந்தன. ஏக்கர்க் கணக்கு ஒன்றிலும் இல்லை. பின்வரிசையில் ஒரு கமக்காரர் எழும்பி, வாய்க்காலின் கடைப்பகுதிக் காணிகளுக்குப் போன வருடமும் தண்ணீர் வரவில்லை என்று சத்தம் போட்டதாக ஒரு மாணவி வாயால் சொன்னாள். ஏன் எழுதவில்லை என்று கேட்டேன்.

“அது நிகழ்ச்சிநிரலில இல்லைத்தானே சேர்?” என்றாள்.

அடுத்த கிழமை அவர்கள் எழுதியதைச் சுவர்ப் பத்திரிகையாக்கிக் கமக்காரர் அமைப்பின் கட்டட விறாந்தையில் ஒட்டினோம். வாசித்தவர்களில் ஒருவர், வாய்க்கால் இலக்கம் பிழை என்று பேனையால் வெட்டித் திருத்திவிட்டுப் போயிருந்தார். நான் சிவப்பு மையில் போடும் எந்தத் திருத்தமும் செய்யாத வேலையை அந்த நீலக் கோடு செய்தது. அதன் பிறகு அந்த மாணவர்கள் இலக்கம் எழுதுவதற்கு முன் இரண்டு பேரிடம் கேட்கத் தொடங்கினார்கள். வில்லியம்ஸ் ஒரு நகரத்தையே வகுப்பறையாக்கிச் செய்ததும் அடிப்படையில் இதுதான்.

மிசூரியின் வழி ஒன்று, கொலம்பியாவின் வழி இன்னொன்று என்றால், விஸ்கொன்சின் மூன்றாவது வழியைத் திறந்தது. அங்கே 1905 அளவில் இதழியல் வகுப்பைத் தொடங்கிய வில்லார்ட் பிளேயர், செய்தி எழுதும் பயிற்சி ஒரு சிறு பகுதியாகவே இருக்க வேண்டும் என்றும், மாணவரின் நேரத்தில் பெரும்பங்கு அரசியல், பொருளியல், சமூகவியல், வரலாறு என்ற துறைகளில் செலவாக வேண்டும் என்றும் கருதினார். இல்லினோய் பல்கலைக்கழகம் 1904இலேயே நான்காண்டுப் பாடநெறி ஒன்றை வகுத்திருந்தாலும், இதழியலை ஆய்வுத்துறையாக வளர்த்ததில் பிளேயரின் பங்கே பெரிது. 1912இல் இதழியல் ஆசிரியர்களுக்கு அமெரிக்காவில் ஒரு சங்கம் உருவானபோதும் அவர் முன்னின்றார். அவரிடம் கற்றவர்கள் பல பல்கலைக்கழகங்களில் துறைத்தலைவர்களானார்கள். பின்னாளில் தொடர்பாடல் கற்கை என்று வளர்ந்து, நம் உயர்தரப் பாடத்தின் பெயர் வரைக்கும் வந்து சேர்ந்த மரபின் ஒரு வேர் அங்கேதான் இருக்கிறது. என் மாணவர்கள் தொடர்பாடல் மாதிரிகளை அம்புக்குறி போட்டு மனனம் செய்வதற்குப் பிளேயரைக் குறை சொல்ல முடியாது. அவர் கேட்டது மாதிரிகளை அன்று, நகரசபை வரவுசெலவுத் திட்டத்தை வாசிக்கத் தெரிந்த நிருபரை.

ஐரோப்பாவில் நிலைமை வேறு. ஜேர்மனியின் லைப்சிக் பல்கலைக்கழகத்தில் தோபியாஸ் பொய்சர் என்பவர் 1690இலேயே செய்தித்தாள்களைப் பற்றி ஓர் ஆய்வேடு சமர்ப்பித்திருந்தார். அதே பல்கலைக்கழகத்தில் 1916இல், முதலாம் உலகப் போரின் நடுவே, கார்ல் பூஹர் என்ற பொருளியலறிஞர் பத்திரிகை ஆய்வு நிறுவனம் ஒன்றை அமைத்தார். போர்க்காலத்தில் பத்திரிகைகள் நடந்துகொண்ட விதம் அவருக்குத் தந்த கசப்பு அதற்கு ஒரு தூண்டுதல். பிரித்தானியாவோ இந்த விடயத்தில் கடைசிவரை தயங்கியது. இலண்டன் பல்கலைக்கழகம் 1919இல், போரிலிருந்து திரும்பிய படையினருக்கு வழிகாட்டும் ஏற்பாடுகளோடு சேர்த்து, இதழியல் டிப்ளோமா ஒன்றைத் தொடங்கியது. 1939இல் அடுத்த போர் வந்ததும் அது மூடப்பட்டது. பத்திரிகை அலுவலகத்தில் பழகுவதே கல்வி என்ற ஆங்கிலேய நம்பிக்கைதான் அவர்கள் ஆண்ட நாடுகளுக்கும் வந்தது. கொழும்பிலும் யாழ்ப்பாணத்திலும் இதழியல் கல்வி இவ்வளவு பிந்தியதற்கு அதுவே முதற்காரணம் என்று எண்ணுகிறேன்.

ஆங்கிலேய ஆட்சிக்குள் அந்த நம்பிக்கையை உடைத்தவர் அன்னி பெசன்ட். 1920இல் சென்னை அடையாறில் அவர் நடத்திய தேசியப் பல்கலைக்கழகத்தில் இதழியல் ஒரு பாடமாக்கப்பட்டது. மாணவர்கள் பயிற்சி பெற்றது அவருடைய நியூ இந்தியா பத்திரிகையில். அரசுக்கெதிராக எழுதிப் பிணைப்பணம் இழந்த பத்திரிகையில் பயிற்சி என்றால், இதழியல் சட்டத்துக்குத் தனிப் பாடம் தேவைப்பட்டிருக்காது. அந்த முயற்சியும் நீடிக்கவில்லை. அலிகார் முஸ்லிம் பல்கலைக்கழகத்தில் 1938இல் தொடங்கிய டிப்ளோமாவும் இரண்டு ஆண்டுகளுக்குள் நின்றது.

நின்று நிலைத்தது லாகூரில் 1941இல் பஞ்சாப் பல்கலைக்கழகம் தொடங்கிய துறை. அதை அமைத்த பி. பி. சிங் இலண்டனிலும் மிசூரியிலும் படித்தவர். ஆறு ஆண்டுகளில் பிரிவினை வந்தது. துறை லாகூரை விட்டுத் தில்லிக்கு இடம்பெயர்ந்து அங்கே தொடர்ந்து இயங்கி, 1962இல் சண்டிகருக்குப் போனது. கட்டடம் ஓரிடத்திலும் பாடசாலை இன்னோரிடத்திலும் என்ற வாழ்க்கையை நாங்கள் அறிவோம். மரத்துக்குக் கீழே வருகைப் பதிவேட்டை விரித்து வைத்து, இன்ன பாடசாலை இன்று இங்கே இயங்குகிறது என்று பெயர்ப்பலகை தொங்கவிட்ட அதிபர்களைப் பார்த்த எவருக்கும், லாகூர்த் துறை தில்லியில் வகுப்பு நடத்தியதன் அருமையை விளக்க வேண்டியதில்லை.

சென்னைப் பல்கலைக்கழகம் 1947இல்தான் இதழியல் டிப்ளோமாவைத் தொடங்கியது. இதில் நமக்கு ஒரு முரண் உண்டு. அந்தப் பல்கலைக்கழகத்தின் முதலாவது பட்டதாரிப் பரீட்சை 1857இல் நடந்தபோது சித்தியடைந்த இருவரும் யாழ்ப்பாணத்தவர், அமெரிக்க மிஷன் நடத்திய வட்டுக்கோட்டைச் செமினரி என்ற கல்லூரியில் கற்றவர்கள். ஒருவர் சி. வை. தாமோதரம்பிள்ளை, மற்றவர் கறல் விசுவநாதபிள்ளை. தாமோதரம்பிள்ளை பட்டம் பெறுவதற்கு முன்பே பேர்சிவல் பாதிரியாரின் தினவர்த்தமானிப் பத்திரிகையில் ஆசிரியராகப் பணியாற்றியவர், விசுவநாதபிள்ளை உதயதாரகையோடு தொடர்புடையவர். தன் முதற் பட்டதாரிகள் செய்த தொழிலைப் பாடமாக ஏற்க அந்தப் பல்கலைக்கழகத்துக்கு 90 ஆண்டுகள் பிடித்தன. உதயதாரகையையே எடுத்துக்கொள்ளுங்கள். அமெரிக்க மிஷன் அச்சகத்தில் அச்சான அந்தப் பத்திரிகையை முதலில் நடத்திய ஹென்றி மார்ட்டினும் சேத் பேசனும் செமினரியில் கற்ற தமிழர்கள். லீ புலமைப்பரிசில் அறிவிப்பதற்கு 28 ஆண்டுகளுக்கு முன்னர், கல்லூரியும் அச்சகமும் பத்திரிகையும் கூப்பிடு தொலைவில் ஒன்றுக்கொன்று துணையாக இயங்கிய ஒரு நிலை யாழ்ப்பாணத்தில் இருந்தது. அதற்கு இதழியல் கல்வி என்று எவரும் பெயர் வைக்கவில்லை. செமினரி 1855இல் மூடப்பட்டது.

இலங்கைப் பல்கலைக்கழகங்களில் வெகுசனத் தொடர்பாடல் 1970களில் களனியில் பாடமாக உருவெடுத்தது, ஆனால் அது சிங்கள மொழிவழியானது. 2004இல் கொழும்பில் இலங்கை இதழியல் கல்லூரி மூன்று மொழிகளிலும் பயிற்சி தரத் தொடங்கியது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் ஊடக வளங்கள் பயிற்சி நிலையம் டிப்ளோமா வழங்கியது, பின்னர் அங்கே ஊடகக் கற்கைகள் துறையும் அமைந்தது. கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகத்திலும் தொடர்பாடல் கற்கை உண்டு. வன்னிக்குள் கிளிநொச்சி அறிவியல் நகரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியல், விவசாய, தொழில்நுட்ப பீடங்கள் இருக்கின்றன. வவுனியா வளாகம் 2021இல் தனிப் பல்கலைக்கழகமாயிற்று. இதழியல் கற்க விரும்பும் முல்லைத்தீவுப் பிள்ளை, பெரும்பாலும் யாழ்ப்பாணத்துக்குப் பஸ் ஏறுகிறது. கற்ற பின் திரும்பி வந்து எழுதுவதற்கு வன்னியில் ஒரு பத்திரிகை இல்லை. யாழ்ப்பாணத்திலும் கொழும்பிலும் அச்சாகும் பத்திரிகைகளின் உட்பக்கத்தில் வன்னிக்கு ஒதுக்கப்படும் இடத்துக்கு ஒரு பந்தி அனுப்பலாம், வட்ஸ்அப்பில்.

ஆகவே, வன்னியில் எப்போதாவது இதழியல் ஒரு பாடநெறியாகத் தொடங்குமானால் மிசூரியின் வழியைத்தான் நான் கேட்பேன். பாடநெறி தொடங்கும் நாளில் ஒரு வாரப் பத்திரிகையும் தொடங்க வேண்டும், நான்கு பக்கமானாலும் போதும். பொருளாதாரத் தடைக்காலத்தில் கோடிட்ட கொப்பித்தாளில் அச்சான பத்திரிகையை வாசித்த சனத்துக்கு வழுவழுப்பான தாள் ஒரு நிபந்தனை அன்று. குளத்து நீர்மட்டம், நெல் விலை, காணி விடுவிப்பு, பிரதேச சபையின் கேள்வி அறிவித்தல்கள், வைத்தியசாலையில் எந்த நாளில் எந்த விசேட வைத்தியர் நிற்பார் என்ற விபரம், இவற்றைப் பிழையில்லாமல் கொடுத்தாலே வாசகர் வருவார்.

காசு எங்கிருந்து வரும் என்று கேட்பவர்களுக்கு எலியட்டின் பாடத்திட்டத்தைக் காட்ட வேண்டியிருக்கும். புலிட்சரின் மீது எவ்வளவு மதிப்பு இருந்தாலும் இந்த ஓர் இடத்தில் நான் ஹார்வார்ட் பக்கம்தான். கணக்குத் தெரியாத பத்திரிகையாளரை, கணக்குத் தெரிந்த முதலாளி எப்படி நடத்துவார் என்பதைப் பிரசுரமான செய்திக்கு மட்டும் காசு வாங்கிய எந்த நிருபரும் சொல்வார். வன்னியில் விளம்பரம் கொடுக்கக்கூடியவர்கள் யார் என்று மாணவர்களே ஒரு பட்டியல் போட்டுப் பார்க்கட்டும். அரிசி ஆலைகள், பலநோக்குக் கூட்டுறவுச் சங்கங்கள், ரியூட்டரிகள், வன்பொருள் கடைகள், கலியாண மண்டபங்கள் என்று போகும். தமிழ்ப் பத்திரிகைகளுக்கு எந்தக் காலத்திலும் கைகொடுத்துவந்த மரண அறிவித்தலும் முப்பத்தோராம் நாள் நினைவஞ்சலியும் அந்தப் பட்டியலின் தலையில் நிற்கும். பெயர், வயது, பிறந்த ஊர், வதிவிடம், மருமக்கள் பெயர் என்று ஒரு மரண அறிவித்தலில் பிழைவிடக்கூடிய இடங்கள் ஏராளம். முதலாம் தவணைக்கு ஒப்புநோக்கும் பயிற்சியை அதிலிருந்தே தொடங்கலாம்.